நான் விழுந்த இடம் நல்ல இடம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சில ஞாயிறுகளுக்கு முன்னர் உங்கள் பத்திரிகையில், இதயத்தை ஒழுங்காகத் துடிக்க வைக்கும் பேஸ்மேக்கர் கருவியை, அரிசிமணியை விடச் சிறிதாகக் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்று ஒரு செய்தி வந்தது. என் மூத்த மகள் அதைக் கத்தரித்து என் கிளினிக் கொப்பிக்குள் வைத்துவிட்டு, "அப்பா, அடுத்த முறை பற்றரி முடியேக்க உங்களுக்கும் இதைத்தான் வைப்பினம்" என்றாள். இல்லை பிள்ளை என்று அவளுக்கு விளக்கத் தொடங்கியது, இப்போது உங்களுக்குக் கடிதமாக வந்து நிற்கிறது. இடம் போதாவிட்டால் நடுவில் வெட்டுங்கள். கடைசிப் பகுதியில் கைவைக்க வேண்டாம்.

நான் விசுவமடுவில் நாற்பது வருடமாக நீரிறைக்கும் இயந்திரம் திருத்துகிறவன். ஊரில் மிசின் ஐயா என்பார்கள். என் இடது தோள்பட்டைக்குக் கீழே 2024 மாசியில் இருந்து ஒரு பேஸ்மேக்கர் இருக்கிறது. ஆகவே இந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு.

அந்தச் செய்தி பொய்யில்லை, பாதிதான் வந்திருக்கிறது. அமெரிக்காவின் நோர்த்வெஸ்டேர்ன் பல்கலைக்கழகத்தார் 2025 ஏப்ரலில் வெளியிட்ட ஆய்வு அது. கருவியின் நீளம் 3.5 மில்லிமீற்றர், அகலம் 1.8, தடிப்பு 1. கீரிச்சம்பாவோடு கலந்துவிட்டால் எங்கள் வீட்டில் கல் என்று பொறுக்கி எறிந்துவிடுவார்கள். ஆனால் அது என்னைப் போன்ற கிழவனுக்கு அல்ல. இதயத்தில் குறையோடு பிறந்து சத்திரசிகிச்சை செய்யப்படும் குழந்தைகளுக்கு, சில நாட்கள் மட்டும் துடிப்பைத் தாங்கிப்பிடிப்பதற்கு. நெஞ்சுக்கு மேலே ஒட்டிய ஒரு பட்டை, தோலுக்குள்ளால் ஒளியை அனுப்பி அதை வேலை செய்ய வைக்கும். தேவை முடிந்ததும் உடம்புக்குள்ளேயே கரைந்துவிடும். இப்போது இந்த வேலைக்கு வயரை வைத்துத் தைத்துவிட்டுப் பிறகு இழுத்து எடுக்கிறார்கள். நிலவில் முதலில் கால் வைத்த நீல் ஆம்ஸ்ட்ரோங் 2012இல் இறந்தது, அப்படியான வயரை எடுத்த பிறகு உள்ளே ஏற்பட்ட இரத்தக்கசிவால்தான். ஆய்வில் இந்த மணியை விலங்குகளிலும், தானமாகக் கிடைத்த, இறந்தவர்களின் இதயங்களிலும்தான் சோதித்திருக்கிறார்கள். என்னுடையது கரைந்தால் நானும் கரைந்துவிடுவேன். அதைத்தான் மகளுக்குச் சொன்னேன்.

இனி என் கதை.

முதல் தடவை விழுந்தது 2022 ஆனியில், மண்ணெண்ணெய் வரிசையில். அந்த வருடம் எரிபொருள் இல்லாமல் நாடு இருந்த நிலை உங்களுக்குத் தெரியும். கலனை வைத்துவிட்டு விடியற்காலையில் இருந்து நின்றேன். பத்து மணிக்குக் கண் இருண்டது. எழும்பிப் பார்த்தால் யாரோ என் முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டு நிற்கிறார். வரிசையில் விழுவது அப்போது புதினமா? வெயில் என்றார்கள், நானும் வெயில் என்றேன். விழுந்ததில் ஒரு நன்மை, என்னை முன்னுக்கு விட்டார்கள்.

இரண்டாவது, 2023 வைகாசி, வற்றாப்பளை அம்மன் பொங்கல். விரதம் என்றார்கள். பக்கத்தில் நின்ற ஒரு கிழவி, அம்மாள் இறங்கிவிட்டா என்று திருநீறும் போட்டார். மூன்றாவது அதே வருடம் மழைக்காலத்தில், வீட்டுக் கிணற்றடியில். அதை என் மனைவி நேரில் பார்த்தார். "இஞ்சருங்கோ, உங்கட முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்தது, பிறகு குப்பெண்டு சிவந்தது" என்று சொன்னார். அந்த ஒரு வசனத்தில்தான் நோயே இருந்திருக்கிறது. இதயம் சில வினாடி நின்றால் முகம் வெளுக்கும். திரும்ப ஓடத் தொடங்கினால் இரத்தம் பாய்ந்து சிவக்கும். இதைப் பின்னாளில் ஒரு டொக்டர் சொன்னார். அதுவரை நாங்கள் யாரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

மூன்று தடவையும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். மூன்று தடவையும் இதயத் துடிப்பைத் தாளில் வரைகிற ஈசிஜி எடுத்தார்கள். மூன்று தாளும் நோர்மல். பிறகு தூரத்து வைத்தியசாலை ஒன்றில் நெஞ்சில் வயர் ஒட்டி, இடுப்பில் பெட்டி கட்டி, 24 மணி நேரம் பதிந்தார்கள். அதற்குத் திகதி கிடைக்கவே மாதங்கள் போயின. அன்றைக்கு என் இதயம் புதுமாப்பிள்ளை மாதிரி ஒழுங்காக நடந்துகொண்டது.

யாரையும் குறை சொல்ல நான் வரவில்லை. என் தொழிலில் இதைத் தினமும் பார்க்கிறேன். தோட்டத்தில் நின்றுபோன மிசினைப் பட்டறைக்குக் கொண்டுவந்து கயிறு இழுத்தால் முதல் இழுவையிலேயே ஓடும். பொறி கொடுக்கிற கொயில் சூடேறினால் மட்டும் நிற்கிற மிசின் அது. பழுது வந்துபோகும் சாதி. அதைப் பிடிக்க ஒரே வழி, நிற்கும் நேரத்தில் பக்கத்தில் இருப்பதுதான்.

நான்காவது தடவை அது நடந்தது. ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் கிணற்றுப் பம்பி நின்றுபோய், வாட்டுக்குத் தண்ணீர் இல்லை என்று கூப்பிட்டார்கள். பிளக்கைக் கழற்றிக் கையில் எடுத்தது நினைவிருக்கிறது. அடுத்து நினைவில் இருப்பது நேர்ஸ் பிள்ளை ஒருத்தி என் சேர்ட்டைக் கழற்றிக்கொண்டு நின்றது. நான் விழுந்த இடத்தில் இருந்து ஈசிஜி மிசின் இருபது அடிகூட இல்லை. தாளில் துடிப்பு நிமிடத்துக்கு 32. "ஐயா, அசையாதேங்கோ, இது நல்ல தாள்" என்றாள். அவள் சொன்ன நல்ல தாள் எனக்கு அப்போது விளங்கவில்லை. டொக்டர் அந்தத் தாளைப் போனில் படம் எடுத்து, தூரத்தில் இருந்த இதய வைத்திய நிபுணருக்கு வட்ஸ்அப்பில் அனுப்பினார். அரை மணி நேரத்துக்குள் அம்புலன்சில் ஏற்றினார்கள். கழுத்தால் தற்காலிக வயர் விட்டு, சில நாளில் நிரந்தரமான பெட்டியை வைத்தார்கள். ஒரு சதமும் கேட்கவில்லை.

பெரிய வைத்தியசாலையில் ஒரு இளம் டொக்டர் படம் கீறிக் காட்டினார். இதயத்தின் வலது மேலறையில் இயற்கையாக ஒரு பொறி பிறக்கிற இடம் இருக்கிறது. அந்தப் பொறி நடுவில் ஒரு சந்தியைக் கடந்துதான் கீழறைகளுக்குப் போகவேண்டும். எனக்கு அந்தச் சந்தி அடைத்துவிட்டது. மேலே பொறி ஒழுங்காகப் பிறக்கிறது, கீழே போய்ச் சேரவில்லை. "அப்ப பிளக் வயர் அறுந்த மாதிரி" என்றேன். சிரித்தார். ஆனால் வயர் அறுந்த எஞ்சின் நின்றுவிடும். இதயம் நிற்காது. மேலிருந்து கட்டளை வராவிட்டால் கீழறை தானாக, மெதுவாக, 30, 40 என்று அடிக்கத் தொடங்கும். ஐயர் வராத நாளில் பக்கத்து வீட்டுக்காரர் கோயிலைத் திறந்து விளக்கு வைக்கிற மாதிரி. பூசை நடக்காது, ஆனால் விளக்கு அணையாது. இப்படி ஒரு ஏற்பாடு உள்ள எஞ்சினை நான் ஜப்பானிலும் கண்டதில்லை, இங்கிலாந்திலும் கண்டதில்லை.

வாட்டில் படுத்திருந்த நாட்களில் பேரனின் போனில் இந்தப் பெட்டியின் வரலாற்றைத் தேடிப் பார்த்தேன். அதில் எனக்குப் பிடித்துப்போன ஆள் ஏர்ல் பேக்கன். மினியாபொலிஸ் நகரத்தில் கராஜ் ஒன்றில் இருந்து ஆஸ்பத்திரிக் கருவிகளைத் திருத்திக்கொண்டிருந்தவர். அதாவது என் சாதிக்காரர். அப்போது பேஸ்மேக்கர் சுவர்க் கரண்டில்தான் ஓடும். இதய சத்திரசிகிச்சை செய்த குழந்தையை நகர்த்தினால் நீட்டு வயரும் கூடவே போகும். 1957 ஒக்டோபர் 31இல் நகரத்தில் கரண்ட் நின்றது, ஒரு குழந்தை இறந்தது. பற்றரியில் ஓடுகிற மாதிரி ஏதாவது செய்ய முடியாதா என்று சத்திரசிகிச்சை நிபுணர் லில்லிஹை கேட்டார். பாட்டு வகுப்பில் தாளம் காட்டும் கருவிக்கு ஒரு சஞ்சிகையில் வந்திருந்த சேர்க்கிட் படத்தை வைத்துக்கொண்டு, பேக்கன் நாலு கிழமையில் செய்துகொடுத்தார். விலங்கில் சோதிக்கக் கொடுத்தது அடுத்த நாளே ஒரு குழந்தையின் நெஞ்சில் வேலை செய்துகொண்டிருந்ததாம்.

யுத்த காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டவர்கள், மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவர்கள் நாங்கள். கரண்ட் நின்றதால் பிறந்த கருவி என்று வாசித்தபோது வாட்டிலேயே எழும்பி உட்கார்ந்துவிட்டேன்.

உடம்புக்குள் முதலில் வைத்தது 1958 ஒக்டோபரில், சுவீடனில். ஆர்னே லார்சன் என்று ஒருவர், 43 வயது, ஒரு நாளைக்கு இருபது முப்பது தடவை மயங்கி விழுந்தவர். அவருடைய மனைவி டொக்டர்மாரை விடாமல் நச்சரித்துச் செய்வித்தார். சப்பாத்துப் பொலிஷ் ரின்னை அச்சாக வைத்து வார்த்த பெட்டி. முதலாவது சில மணி நேரத்தில் நின்றுபோனது. ஆனால் லார்சன் பெட்டி மாற்றி மாற்றி 86 வயது வரை, 2001 வரை வாழ்ந்தார்.

இப்போது எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று சுருக்கமாகச் சொல்கிறேன். வயரே இல்லாத பேஸ்மேக்கர் இருக்கிறது. பெரிய குளிசை அளவு, இரண்டு கிராம் பாரம், தொடை இரத்த நாளத்தால் கொண்டுபோய் இதயத்துக்குள்ளேயே விட்டுவிடுகிறார்கள். 2016இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. 2023இல் மேலறைக்கு ஒன்று, கீழறைக்கு ஒன்று என்று இரண்டை வைத்து, அவை ஒவ்வொரு துடிப்புக்கும் ஒன்றோடொன்று பேசிக்கொள்கிற வகைக்கும் அனுமதி வந்தது. வயர் இல்லாததன் அருமை திருத்துகிறவனுக்குத் தெரியும். எந்த மிசினிலும் முதலில் பழுதாகிறது வயரும் மூட்டும்தான். பேஸ்மேக்கரிலும் அப்படித்தான் என்று டொக்டர் சொன்னார்.

என் பெட்டி பழைய வகை, இரண்டு வயர். எனக்கு அது போதும். அதோடு வந்த புத்தகம்தான் கஷ்டம். முழுக்க ஆங்கிலம். பேரன் வாசித்துச் சொன்ன பிறகுதான் வெல்டிங் செய்யக்கூடாது, ஓடுகிற எஞ்சினின் கொயிலுக்குக் கிட்ட நெஞ்சைக் கொண்டுபோகக்கூடாது, போனைச் சட்டையின் இடது பையில் வைக்கக்கூடாது என்பது தெரிந்தது. அதற்குள் நான் ஒரு பம்பியின் கால் வெல்ட் பண்ணி முடித்துவிட்டேன்.

இன்னொன்று. எங்கள் பகுதியில் உடம்பில் ஷெல் துண்டோடு திரிகிறவர்கள் எத்தனை பேர்! என் வலது தொடையில் ஒன்று இருக்கிறது, 2009இல் வந்தது. எம்ஆர்ஐ ஸ்கான் எடுக்க எழுதினால் பேஸ்மேக்கரைப் பற்றி மட்டும் சொல்லாதீர்கள், துண்டைப் பற்றியும் சொல்லுங்கள். இப்போது வரும் பேஸ்மேக்கர்களில் பல, எம்ஆர்ஐக்குப் பொருந்துமாறு செய்தவை. முன்கூட்டிச் சொன்னால் அதற்கேற்ற நிலைக்கு மாற்றிவிட்டு எடுப்பார்கள். ஷெல் செய்தவன் அப்படி எதையும் யோசித்திருக்க மாட்டான்.

சுடலைக்குப் போகிற விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். பேஸ்மேக்கரோடு உடலை எரித்தால் உள்ளே இருக்கும் லித்தியம் பற்றரி வெடிக்கும். எரிக்க முன்னர் எடுத்துவிட வேண்டும். இதை மகனிடம் சொன்னேன். "சும்மா இருங்கோ அப்பா" என்று எழும்பிப் போய்விட்டான். ஆகவே கிளினிக் கொப்பியின் பின் அட்டையில் கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருக்கிறேன். எடுத்த பெட்டி வீண் என்றும் நினைக்காதீர்கள். மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் அப்படியானவற்றைச் சோதித்து, துப்புரவாக்கி, வாங்க வசதியில்லாத நாடுகளில் ஏறத்தாழ 300 நோயாளர்களை வைத்து ஒப்பிட்டிருக்கிறார்கள். பாதிப்பேருக்குப் புதியது, பாதிப்பேருக்குப் பாவித்தது. முதல் மூன்று மாதத்தில் பாவித்தது புதியதற்குக் குறைவில்லை என்று 2024 நவம்பரில் அறிவித்தார்கள். ரீகண்டிஷன் வாகனத்தில் ஓடுகிற நாட்டுக்கு இது விளங்காத காரியமா?

என் தங்கச்சிக்கு வேறு கதை. சின்ன வயதில் வந்த வாதக் காய்ச்சலால் இதய வால்வு சுருங்கி, இப்போது துடிப்பு ஒழுங்கில்லை. என்னுடையது ஆமை, அவளுடையது குரங்கு. மேலறை சும்மா நடுங்கிக்கொண்டிருந்தால் இரத்தம் தேங்கி உறைந்து, மூளைக்குப் போய்ப் பாரிசவாதம் வரும். அதற்குத்தான் இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் குளிசை. அளவு சரியா என்று அடிக்கடி இரத்தம் சோதிக்க வேண்டும், கீரை கூடினால் அதன் வேலை குறையும். லண்டனில் இருக்கும் மருமகன் இரண்டு காரியம் சொல்லி அனுப்பினார். ஒன்று, இரத்தம் சோதிக்கத் தேவையில்லாத புதுக் குளிசை. மற்றது, நாளத்தால் வயர் விட்டு, கண்ணிமைக்கும் நேரத்துக்கும் குறைவான மின் அடியால் பழுதான இடத்தை மட்டும் அடக்கும் புது முறை. 2023 கடைசியில்தான் அமெரிக்காவில் அனுமதித்தார்கள். டொக்டர் பொறுமையாகச் சொன்னார்: வால்வு இந்தளவு சுருங்கியவர்களுக்குப் பழைய வார்ஃபரின்தான் நல்லது, 2022இல் பெரிய ஆய்வே செய்து பார்த்துவிட்டார்கள், மற்றதை வால்வைப் பார்த்த பிறகு யோசிக்கலாம். புதியது எல்லாம் எல்லோருக்கும் இல்லை. அவளுக்கு வேண்டியது, விரலில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்து அங்கேயே அளவு சொல்லும் சின்ன மீற்றர். அது இல்லாமல், முருங்கையிலை ஒரு கிழமை கூடச் சாப்பிட்டுவிட்டேனோ என்று பயந்துகொண்டு பஸ் ஏறுகிறாள்.

சரி, வெட்ட வேண்டாம் என்று சொன்ன பகுதிக்கு வருகிறேன்.

பேஸ்மேக்கரைச் சோதிக்க நான் விடியப்புறம் நாலு மணிக்கு வீதிக்கு வருகிறேன். இரண்டு பஸ். பத்தரைக்கு என் நம்பர் வரும். மேசையில் ஒரு கணினி. அதோடு பூட்டிய, கணினி மவுஸ் மாதிரி ஒன்றை நெஞ்சில் வைப்பார்கள். பற்றரி இன்னும் எத்தனை வருடம், எத்தனை வீதம் துடிப்பு பெட்டியுடையது, இடையில் ஏதாவது குழப்பம் நடந்ததா, எல்லாம் திரையில் வரும். எட்டு நிமிடம். வீடு வர இரவு. வயலில் நிற்பவனுக்கு அன்றைய கூலி போய்விடும். கூட வந்தவரின் கூலியும் போய்விடும். என்னோடு சேர்த்துப் பெட்டி வைத்த ஒரு அம்மா, நெடுங்கேணிப் பக்கம், இரண்டாம் தடவைக்குப் பிறகு வரவில்லை.

வெளிநாடுகளில் கட்டில் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டியை வைத்து, இரவில் பேஸ்மேக்கரின் கணக்கை டொக்டருக்கு அனுப்பிவிடுகிறார்கள். இருபது வருடத்துக்கு மேற்பட்ட வழக்கம். எங்கள் வீட்டில் சிக்னல் வேப்பமரத்தடியில் மட்டும்தான், அதனால் அதைக் கேட்கவில்லை. நான் கேட்பது, சோதிக்கும் அந்தக் கணினியையும் அதைத் தெரிந்த ஒருவரையும் மாதத்தில் ஒரு நாள் வன்னிக்குள் ஒரு ஆஸ்பத்திரிக்கு அனுப்பும்படி. ஒரு சிக்கல் இருக்கிறது, அதையும் சொல்கிறேன்: ஒரு கொம்பனியின் கணினி மற்றக் கொம்பனியின் பெட்டியை வாசிக்காது. லிஸ்ரர் எஞ்சின் அங்குல ஸ்பனர் கேட்கும், ஜப்பான் மிசின் மில்லிமீற்றர் கேட்கும். அதற்காக நாங்கள் ஒரு செற்றை மட்டும் வைத்துக்கொண்டு பட்டறை நடத்துகிறோமா? இரண்டையும் கொண்டுவரட்டும்.

அதைவிட முக்கியமானது அந்த இருபது அடி. நான் ஈசிஜி மிசினுக்கு இருபது அடியில் விழுந்தேன், பிழைத்தேன். மற்றவர்கள் இரணைமடு வாய்க்கால் கரையிலும் முத்தையன்கட்டு வயலிலும் விழுவார்கள். 1990 என்ற இலக்கத்துக்குப் போன் எடுத்தால் வரும் அம்புலன்ஸ் 2018இல் இருந்து வடக்கில் ஓடுகிறது, நல்ல காரியம். ஆனால் அது வந்துசேர முன்னரே என்னுடையது போன்ற பழுது ஒளிந்துவிடும். இரண்டு கை விரலையும் இரண்டு தகட்டில் வைத்தால் அரை நிமிடத்தில் போனில் தாளை வரைகிற கருவி 2012இல் இருந்து விற்பனையில் இருக்கிறது. சட்டைப் பையில் அடங்கும். அது ஒரு வயர்த் தாள்தான், ஆஸ்பத்திரித் தாளுக்கு ஈடாகாது. ஆனால் 32 என்பதைக் காட்ட அது போதும். எல்லா வீட்டுக்கும் கேட்கவில்லை. வீடு வீடாகப் போகும் குடும்பநல உத்தியோகத்தரின் பையில் ஒன்று, கிராம அலுவலர் பிரிவில் ஒன்று. திரும்பத் திரும்ப விழுகிறவருக்கு, இரண்டு கிழமை நெஞ்சில் ஒட்டி வைக்கும் பட்டைப் பதிவுக்கருவி வவுனியா, முல்லைத்தீவு, கிளிநொச்சி, மன்னார் என்று மாவட்டத்துக்கு நாலைந்து. நோர்மன் ஹோல்டர் முதலில் செய்த பதிவுக்கருவி 38 கிலோ, முதுகில் சுமந்திருக்கிறார்கள். சீமெந்து மூட்டைக்குக் கொஞ்சம் குறைவு. இன்றைக்கு அது பிளாஸ்டர் அளவுக்கு வந்துவிட்டது. இன்னும் ஏன் 24 மணி நேரத்தோடு கழற்றுகிறோம்?

அதுவரைக்கும் வாசகர்களிடம் ஒன்று கேட்கிறேன். வீட்டில் யாராவது மயங்கி விழுந்தால் தண்ணீர் தெளிக்கிற கையால் நாடியையும் பிடித்துப் பாருங்கள். மூச்சும் இல்லை, நாடியும் இல்லை என்றால் 1990க்கு எடுத்துவிட்டு நெஞ்சின் நடுவில் அமத்தத் தொடங்குங்கள். நாடி இருந்தால் அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்குங்கள். முகம் வெளுத்துப் பிறகு சிவந்ததா என்று பாருங்கள். எண்ணிய கணக்கையும் நேரத்தையும் ஒரு கடதாசியில் எழுதி டொக்டரிடம் கொடுங்கள். என் மனைவி சொன்ன அந்த ஒரு வசனத்தை நான் டொக்டரிடம் சொல்லவே இல்லை, பொம்பிளைப் பேச்சு என்று விட்டுவிட்டேன்.

அந்தச் சிறிய ஆஸ்பத்திரியின் பம்பி இப்போதும் ஓடுகிறது. வாஷர் தேய்ந்து தண்ணீர் கசிகிறதாம், நேற்றுப் போன் எடுத்துச் சொன்னார்கள். புதன்கிழமை போகிறேன். கொயில் பக்கத்தைப் பேரன் பார்த்துக்கொள்வான்.

இப்படிக்கு,
மிசின் ஐயா,
விசுவமடு.